கவசம் வாங்குவதா, செய்வதா?

கர்ணனுக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறக்கும்போதே கவசத்தோடும் குண்டலத்தோடும் பிறந்துவிட்டான். அவனைப் பெற்றவள் கடைத்தெருவுக்கு ஓடவில்லை. அட்டையும் பசையும் தேடி வீட்டைக் குடையவும் இல்லை. நம் குழந்தைகளோ வெறும் மார்போடு பிறக்கிறார்கள். ஆகஸ்டு 15-ஆம் தேதி நெருங்கியதும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வருகிறது: "மாறுவேடப் போட்டி." பையன் கட்டபொம்மன் ஆக வேண்டும், பெண் வேலு நாச்சியார் ஆக வேண்டும். தலைக்குக் கிரீடமோ தலைக்கவசமோ வேண்டும். மார்புக்குக் கவசம் வேண்டும். எட்டு நாள்தான் தவணை. அன்றிரவே வீட்டில் விவாதம் ஆரம்பமாகிறது: விலைக்கு வாங்கிவிடுவதா, வாடகைக்கு எடுப்பதா, அல்லது வீட்டிலேயே செய்வதா?

இது என்ன பெரிய விஷயம் என்று வாசகர்கள் கேட்கலாம். இருபது ஆண்டுகளாக இத்தகைய போட்டிகளில் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்து வருகிறவன் நான். இந்தச் சின்னக் கேள்விக்கு ஒரு குடும்பம் சொல்லும் விடையில் பணம், மானம், கைத்தொழில் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

தணிகையில் கவசம்

கவசத்தைப் பற்றி எழுதுவதற்குத் திருத்தணியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் வேறு இல்லை. 365 படிகள் ஏறினால் மலைமேல் வீற்றிருப்பவன் தேவசேனாபதி. ஆனால் சூரனோடு பொருத சினம் தணிந்து அவன் அமர்ந்த இடம் இது. ஊரின் பெயரே அதனால் வந்ததென்பார்கள். திருச்செந்தூர் முதலான தலங்களில் கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் அமர்க்களப்படுகிறது. இங்கே அது கிடையாது. மலர் தூவி அருச்சிப்பதோடு சரி. தாரகாசுரன் எறிந்த சக்கரத்தை முருகன் தன் மார்பிலேயே தாங்கிக்கொண்டான் என்பது இத்தலத்து வரலாறு. கவசம் வேண்டாத அந்த மார்புக்கும் விசேஷ நாட்களில் தங்கக் கவசம் சாத்திக் கண் குளிரப் பார்க்கிறோம். தேவராய சுவாமிகளோ சொற்களைக் கொண்டே ஒரு கவசம் செய்துவிட்டார். கந்த சஷ்டி கவசம் ஒன்றுதான் காலணாச் செலவில்லாமல் எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடிய கவசம்.

மலையை விட்டு இறங்கி ஊர்ப்புறம் சென்றால் வேறொரு வகைக் கவசத்தைக் காணலாம். இவ்வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத உற்சவம் நடக்கும் நாட்களில் பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து. முடிவு நாளில் துரியோதனன் மல்லாந்து கிடப்பது போல மண்ணாலேயே பேருருவம் ஒன்று செய்து படுகளம் நடத்துவார்கள். பிறகு தீமிதி. அந்த மண் துரியோதனனை எந்தக் கடையிலும் விற்பதில்லை. ஊராரே செய்கிறார்கள், அன்றே அவன் அழிகிறான், மறு உற்சவத்துக்கு மீண்டும் செய்கிறார்கள்.

கூத்தில் கர்ணனும் துரியோதனனும் அணிந்து வரும் கிரீடம், தோளிலே விரிந்து நிற்கும் புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தால் ஆனவை. கல்யாண முருங்கை என்னும் இலேசான மரத்தைச் செதுக்கி, வண்ணக் காகிதமும் ஜிகினாவும் ஒட்டி, இடையிடையே சிறுசிறு கண்ணாடித் துண்டுகளைப் பதிக்கிறார்கள். இந்தக் கட்டைகள் காரணமாகவே இக்கலைக்குக் கட்டைக்கூத்து என்ற பெயரும் வழங்குகிறது.

இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. இராத்திரி முழுவதும் சுழன்று ஆடுகிறவன் தேக்குக் கட்டையைத் தலையில் சுமக்க முடியாது. அதனால் இலேசான மரம். தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய காலத்தில், அசைகிற நெருப்பை வாங்கி நூறு திசையில் எறிவதற்கு ஒரு சாதனம் வேண்டியிருந்தது, அதனால் கண்ணாடி. பகலெல்லாம் ஏர் உழுத மெலிந்த மனிதன், கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் சக்கரவர்த்தியாகத் தெரிய வேண்டும்; அதனால் அகன்ற புஜக்கட்டை. அணியைச் செய்தவன் ஆட்டத்தை அறிந்து செய்திருக்கிறான்.

செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையார் தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்து வருகிறார்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் 1990-இல் பி. ராஜகோபால் முதலிய கலைஞர்கள் கட்டைக்கூத்துச் சங்கம் கண்டார்கள். 2002 முதல் 2020 வரை அங்கே ஒரு குருகுலம் நடந்தது. சிறுவர்களோடு சிறுமியரும் பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் கற்றார்கள். புஜக்கட்டை கட்டிய பெண் பிள்ளை துரியோதனனாக வந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, வேஷம் என்பது எவ்வளவு பெரிய வித்தை என்பது விளங்கியிருக்கும்.

பட்டணத்து வெல்வெட்

பட்டணத்து மேடை வேறு வழியில் சென்றது. 1891-இல் பல்லாரியிலிருந்து சரஸ விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார்கள். அவற்றைக் கண்டு உற்சாகம் கொண்ட பம்மல் சம்பந்த முதலியார் அதே ஆண்டில் சுகுண விலாஸ சபையைத் தோற்றுவித்தார். தெலுங்கு அகலிலிருந்து தமிழ் அகலை ஏற்றிக்கொண்டோம் என்று சொல்லலாம். தொழில்முறை நாடகக் கம்பெனிகளும் பெருகின. ராஜா என்றால் வெல்வெட் அங்கி, சரிகை வேலை, பளபளக்கும் கிரீடம் என்ற ஒரு மாதிரி ஏற்பட்டுவிட்டது. கம்பெனிகள் மறைந்த பிறகும் அந்த மாதிரி மறையவில்லை. நாடக உடுப்புகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் அதை இன்றுவரை காப்பாற்றி வருகின்றன. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன் எல்லோருக்கும் அங்கே ஒரே அங்கிதான்.

மூன்று வழிகளும் மூன்று விதம்

விலைக்கு வாங்கினால் கிடைப்பது பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக். பொன் வர்ணம் பூசியிருக்கும். ரப்பர் நாடா மோவாயை அறுக்கும். பையன் தலையைத் திருப்பினால் கிரீடம் திரும்பாது. ஒரு முறை உட்கார்ந்து எழுந்தால் மார்புக் கவசம் விரிசல் விடும். நான் பார்த்த ஒரு கட்டபொம்மன், வெள்ளைக்காரனுக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று வாளை ஓங்கினான். வாளின் பிடியில் அயல்நாட்டு முத்திரை தெளிவாகத் தெரிந்தது. 1799-இல் கயத்தாற்றில் தூக்குமேடை ஏறியவன் அதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பானோ!

வாடகை உடுப்பில் பளபளப்பு உண்டு, அளவு கிடையாது. பெரியவர்களுக்குத் தைத்ததைப் பத்து ஊசிகளால் குறுக்கிப் பிள்ளைக்கு மாட்டுகிறோம். பிள்ளை வசனத்தை மறந்து ஊசியை நினைத்துக்கொண்டு நிற்கிறான். முன்பணம் வேறு. கறை பட்டால் முன்பணம் திரும்பாது.

இந்தக் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. கடைக்கவசம் வந்த நாளிலிருந்து மாறுவேடப் போட்டி பிள்ளைகளின் போட்டியாக இல்லை. தகப்பனார்களின் பணப்பைகளுக்குள் நடக்கும் போட்டியாகிவிட்டது.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி வேலு நாச்சியாராக நடிக்கப் பெயர் கொடுத்திருந்தாள். இரண்டு வாரம் வசனம் நெட்டுருச் செய்தாள். குரல் கணீரென்று இருக்கும். போட்டியன்று அவள் வரவில்லை. மறுநாள் விசாரித்தபோது, "வயிற்று வலி, சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அது எந்த வலி என்பது வகுப்பிலிருந்த எல்லோருக்கும் தெரியும். கவசத்துக்கும் கிரீடத்துக்கும் ஒரு நாள் வாடகை, அவள் தகப்பனார் தறியில் உட்கார்ந்து சம்பாதிக்கும் கூலிக்குள் அடங்கவில்லை. பரிசு வாங்கிய பையனிடம், வேலு நாச்சியார் எந்தச் சீமையை ஆண்டவள் என்று யாரோ கேட்டார்கள். பையன் தன் வெல்வெட் அங்கியைத் தடவிக்கொண்டு நின்றான்.

அடுத்த ஆண்டு அப்பள்ளியின் ஆசிரியர்கள் கூடி மூன்று விதிகள் வகுத்தார்கள். விலைக்கு வாங்கியதும் வாடகைக்கு எடுத்ததும் மேடை ஏறக்கூடாது. கவசம் செய்யும் வேலையைச் சித்திர வகுப்பிலேயே, பள்ளி நேரத்திலேயே, பிள்ளைகள் தங்கள் கையால் செய்ய வேண்டும். மதிப்பெண்ணில் பாதி, எப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குச் சொல்லும் விடைக்கு. அந்தச் சிறுமி தறியில் கழித்துப் போட்ட சரிகை நூலைச் சேர்த்து மார்புக் கவசத்துக்குக் கரை கட்டியிருந்தாள். எப்படிச் செய்தாள் என்பதை ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னாள். சபையில் ஒருவரும் அசையவில்லை.

செய்முறை

வீட்டில் செய்ய விரும்புவோருக்காக முறையை எழுதுகிறேன். வேண்டிய சாமான்கள்: பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, மைதா மாவு, நாடா, கொஞ்சம் ஜிகினாக் காகிதம். நால்வர் ஓட்டலில் சிற்றுண்டி அருந்தும் செலவுக்கு மேல் போகாது.

முதலில் தலையின் சுற்றளவை, நெற்றிக்கு மேலாகவும் காதுகளுக்கு மேலாகவும் நூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஏறக்குறைய 52 அல்லது 53 சென்டிமீட்டர் இருக்கும். அதைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடுதலான சுற்றளவுள்ள சட்டியையோ குண்டானையோ கவிழ்த்து வையுங்கள். அதுதான் அச்சு. அதன்மேல் பசையில்லாமல் தண்ணீரில் மட்டும் நனைத்த காகிதத்தை ஒரு சுற்றுப் பரப்ப வேண்டும். இது இருந்தால் கவசம் காய்ந்த பின் அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் கழன்று வரும்.

ஒரு கிண்ணம் மைதாவை முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொண்டு, மொத்தம் ஐந்து கிண்ணம் தண்ணீர் ஆகும்படி சேர்த்துக் காய்ச்சினால் பசை தயார். வெண்மை மாறிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கிவிடலாம். புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை இன்னும் உறுதியானது. புத்தகம் கட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் கூடவே கூடாது. சில துளி வேப்பெண்ணெய் போதும்.

காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் ஓர் அங்குல அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும். ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும்போது தையல் தெரியாமல் கலந்துவிடும். முதல் சுற்று நெடுக்காக ஒட்டினால் அடுத்த சுற்றுக் குறுக்காக. பாவும் ஊடும் போல. இந்தக் குறுக்கு நெடுக்கிலேதான் பலம் இருக்கிறது. ஆறு சுற்று வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை நன்றாகக் காய விட வேண்டும். அவசரப்பட்டு ஆறையும் ஒரே நாளில் ஒட்டினால் உள்ளே ஈரம் நின்று பூஞ்சைக் காளான் பிடிக்கும்.

எத்தனை சுற்று ஆயிற்று என்பது பாதியில் மறந்துபோகும். அதற்கு எங்கள் ஊரில் எளிதான வழி ஒன்று இருக்கிறது. திருத்தணியில் தமிழ்ப் பத்திரிகையும் வாங்குகிறோம். தெலுங்குப் பத்திரிகையும் வாங்குகிறோம். ஒரு சுற்றுத் தமிழ், ஒரு சுற்றுத் தெலுங்கு என்று மாற்றி மாற்றி ஒட்டினால், தமிழ் எழுத்து முழுவதும் மறைந்து தெலுங்கு எழுத்தே தெரியும்போது அந்தச் சுற்று முடிந்தது என்று அறியலாம். 1953-இல் ஆந்திர மாகாணம் பிரிந்தபோது இவ்வூர் சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் இருந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்திய போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. எல்லைக்கோடு வரைபடத்தில் ஏறியாயிற்று. வீடுகளுக்குள்ளே இரு மொழியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் கிரீடம் உறுதியாக நிற்கிறது.

காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றி ஓரத்தைச் சீராக வெட்டி, உள்ளே பழைய வேட்டித் துணியை ஒட்டிவிடுங்கள். வியர்வையை அது உறிஞ்சும். எடை கால் கிலோவுக்கு மேல் ஏறாது. கல்யாண முருங்கையைத் தேடிய கூத்துக்காரர்களின் யோசனை இதுவே.

மார்புக் கவசத்துக்கு அட்டைப்பெட்டி போதும். அட்டைக்குள்ளே ஓடும் வரிகள் மேலிருந்து கீழாக நிற்கும்படி வெட்ட வேண்டும். அப்போதுதான் அது மார்பைச் சுற்றி மடிப்பு விழாமல் வளையும். முன்னுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. தோளிலும் விலாவிலும் நாடா. பிறகு நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள செதில்கள் வெட்டி ஜிகினா ஒட்டி, கூரைக்கு ஓடு வேய்வது போலக் கீழ் வரிசையிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு போங்கள். மேல் செதில் கீழ்ச் செதிலின் தலையை மூட வேண்டும். உண்மையான செதில் கவசங்கள் பலவற்றிலும் முறை இதுதான். மேலிருந்து விழும் வெட்டு வழுக்கிக்கொண்டு போகும். பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சரித்திரப் புத்தகத்தை அவனே போய் எடுத்து வருவான். தகரத்தை மட்டும் தொட வேண்டாம். அதன் ஓரம் வேஷத்துக்கு வெட்டாமல் நிஜமாகவே வெட்டும்.

ஆட்சேபங்கள்

"இவ்வளவும் கடைசியில் தாயார் தலையில்தானே விழும்? பிள்ளை தூங்கிவிடுவான், அவள் நடுநிசி வரை செதில் ஒட்டுவாள்" என்று ஒரு சகோதரி கேட்டார். முற்றும் நியாயமான கேள்வி. வீட்டில் செய்வது என்பதற்கு அம்மா செய்வது என்று பொருளாகிவிட்டால் கடையில் வாங்குவதே தர்மம். அதனால்தான் பள்ளி நேரத்தில் செய்ய வேண்டும் என்கிறேன். செதில் கோணலாக இருக்கட்டும். பிள்ளையின் கோணல் செதிலுக்கு உள்ள அழகு தகப்பனாரின் நேர்ச்செதிலுக்கு வராது. எட்டு நாள் தவணை கொடுக்கும் பள்ளிக்கூடங்கள் இருபது நாளாவது கொடுக்க வேண்டும்.

"எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால் தொழிலாளி எப்படிப் பிழைப்பான்?" என்பது மற்றொரு கேள்வி. ஒரு நாள் வேஷத்துக்குக் காகிதம் போதும். கோயில் உற்சவத்துக்கும், பள்ளியின் நாடகக் குழு ஆண்டுக்கணக்கில் வைத்து ஆடுவதற்கும் காகிதம் போதாது. அங்கே கட்டை செய்யத் தெரிந்த கூத்துக் கலைஞரைத் தேடிப்போய், அவர் சொல்லும் கூலியைக் குறைக்காமல் கொடுத்துச் செய்து வாங்குங்கள். பிளாஸ்டிக் கிரீடத்துக்கு ஐந்து ஆண்டுகளில் தனித்தனியாகக் கொடுக்கும் பணத்தை ஒரு பள்ளியின் பெற்றோர்கள் ஒன்று சேர்த்தால், கண்ணாடி பதித்த புஜக்கட்டையும் கிரீடமும் ஒரு ஜோடி வந்துவிடும். அவற்றைப் பள்ளி அலமாரியில் வைத்தால் எந்தப் பிள்ளையும் அணியலாம்.

சிற்பமா, சாமானா?

கவசம் செய்யும் பைத்தியம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்துக்காக வெள்ளைப் பிளாஸ்டிக் தலைக்கவசங்களை லண்டனை அடுத்த டுவிக்கன்ஹாமில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்பவர் செய்து கொடுத்தார். பிற்காலத்தில் அவரே அவற்றைச் செய்து விற்கவும் படக் கம்பெனி வழக்குத் தொடுத்தது. அந்தத் தலைக்கவசம் சிற்பமா, வெறும் சாமானா என்பதே விவாதம். 2011-இல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் அது சிற்பம் அன்று, படத்துக்குப் பயன்பட்ட சாமான் என்று தீர்ப்பளித்தது. அதே கவசத்தில் மோகம் கொண்டவர்கள் 1997-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். சொந்தக் கவசம் இருந்தால்தான் அதில் அங்கத்தினராகலாம். பலர் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து செய்கிறார்கள். செய்ததை அணிந்துகொண்டு ஆஸ்பத்திரிகளில் நோயுற்ற குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறார்கள். கடை நிறைந்த தேசத்திலும் மனிதனுக்குத் தன் கையால் செய்ய வேண்டும் என்ற ஆசை போகவில்லை.

நீதிபதிகளின் தீர்ப்பை எதிர்த்து உபாத்தியாயன் பேசக்கூடாது. ஆயினும் என் வகுப்பளவில் ஒரு தீர்ப்பு உண்டு: கடையிலிருந்து வந்தது சாமான், பிள்ளையின் கையிலிருந்து வந்தது சிற்பம்.

கர்ணனிடம் பிறவிக் கவசம் இருந்ததற்காக நாம் அவனைப் புகழ்வதில்லை. கிழப்பிராமண வேஷத்தில் வந்த இந்திரன் கேட்டதும் அறுத்துக் கொடுத்தானே, அதற்காகப் புகழ்கிறோம். நம் பிள்ளைகள் கொடுக்கக்கூடியதும் ஒன்று இருக்கிறது. இவ்வாண்டு கவசம் செய்த ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த ஆண்டு கீழ் வகுப்புப் பிள்ளை ஒருவனுக்குப் பசை காய்ச்சவும் காகிதம் கிழிக்கவும் கற்றுக் கொடுக்கட்டும். அப்புறம் எந்தக் குழந்தைக்கும் போட்டியன்று வயிற்று வலி வராது.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள பழைய பத்திரிகைகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படித்து முடித்த பிறகு இந்த இதழையும் கிழித்து ஒட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.